பூசணிக்காய் வாங்கிய மாப்பிள்ளை

"அந்தப் பூசணிக்காய் இன்னும் நிலவறையில இருக்கா?" என்று கேட்டார் யுகீம்.

"இருக்கு. எதுக்கு?" மனைவி வாசிலீனா மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"உன் மகள்கிட்ட சொல்லி வை. சாயங்காலம் வர்றவங்க கையில அதைக் கொடுத்து அனுப்பட்டும்."

பெண் கேட்டு வருகிறவர்களுக்குப் பூத்தையல் போட்ட துண்டைக் கொடுத்தால் சம்மதம். பூசணிக்காயைக் கொடுத்தால், போய் வாருங்கள் என்று அர்த்தம். கிரிமியாவுக்குக் குடிவந்த பிறகும் உக்ரைன்காரர்கள் இந்த வழக்கத்தை விடவில்லை.

"ரோதியோன் நல்ல பையன். நம்ம சொலோமியா அவன்மேல உசுரையே வச்சிருக்கா. போன மாசம் வரைக்கும் நீங்களும்தான் மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு உருகினீங்க."

"போன மாசம் நாம வேற நாட்டுல இருந்தோம்."

அதுவரை உக்ரைனோடு இருந்த கிரிமியாவில் ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு நடந்தது. ரஷ்யாவோடு சேர்ந்தாயிற்று என்று அன்றிரவே சதுக்கத்தில் பாட்டு தொடங்கியது. இன்னும் ஓயவில்லை. சிம்ஃபெரோபோல் நகரம் முழுக்க மூடுபனி. பனிக்குள் வாதுமைப் பூக்கள் உதிர்கின்றன, யாரோ பாடுகிறார்கள், யாரோ அழுகிறார்கள், ஒருவர் முகமும் தெரியவில்லை. வாசலைத் தாண்டாமலே நாடு மாறிப்போனது யுகீமுக்குக் கனவு மாதிரிதான் இருந்தது. அதிலிருந்து விழித்துக்கொள்ளத்தான் வழி தெரியவில்லை.

சாயங்காலம் கென்னாதி தன் மகன் ரோதியோனோடு வந்தார். சட்டையில் ரஷ்யக் கொடியின் நிறத்தில் ரிப்பன். இரண்டு அப்பாக்களும் ஒரே டிப்போவில் டிராலிபஸ் ஓட்டிக் கிழவர்களானவர்கள்.

"என்னய்யா யுகீம், மூஞ்சியை உர்ருனு வச்சிருக்கே? நாமெல்லாம் சொந்த வீட்டுக்குத் திரும்பிட்டோம்யா."

"நான் எங்கேயும் போகலையே. இதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஓட்டுச் சீட்டுல, இருக்கிறபடியே இருக்கட்டும்னு சொல்ல ஒரு கட்டமாவது இருந்துச்சா?"

"ஊரே இனிப்புக் கொடுக்குது, உனக்கு மட்டும் கசக்குதா? விடு, கல்யாணத்தைப் பேசுவோம். ஒண்ணே ஒண்ணுதான். உன் பொண்ணு இங்கேயே இருந்து ரஷ்ய பாஸ்போர்ட் வாங்கிக்கணும்."

"உன் பையன் உக்ரைன் பக்கம் வந்து குடித்தனம் பண்றதா இருந்தா மேற்கொண்டு பேசு. இல்லேன்னா டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பு."

பேச்சு முற்றியது. ரோதியோன் குனிந்த தலை நிமிரவில்லை. சொலோமியா எழுந்தாள். தூக்கத்தில் நடக்கிறவளைப் போல நிலவறைக்குள் இறங்கினாள். பூசணிக்காயோடு வந்து, அதை ரோதியோன் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கென்னாதியின் முகம் சிவந்தது. "எழுந்திருடா. இந்த ஊர்லயே இருந்தா இவளையே நினைச்சு உருக்குலைஞ்சு போவே. மாஸ்கோவுல அத்தை வீட்டுக்குப் போய்ச் சேரு."

ஜெயித்த சந்தோஷம் யுகீமுக்கு வரவில்லை என்பதுதான் வேடிக்கை. சொலோமியா அதன் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வாதுமை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற வயிறு கேட்குமா?

"ஜபரோஷியாவுல அவ பெரியம்மா வீட்டுக்கு அனுப்பி வைப்போமா?" என்றாள் வாசிலீனா.

உக்ரைன் பக்கம் என்றதும் யுகீம் உடனே தலையாட்டினார்.

சொலோமியாவை ஏற்றிக்கொண்டு ரயில் கிளம்பி, பனிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் கென்னாதி கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்.

"நீ எங்கய்யா இங்கே?"

"பையனை மாஸ்கோவுக்கு ஏத்தி விட்டேன். நீ?"

"பொண்ணை ஜபரோஷியாவுக்கு."

இருவரும் வெறும் தண்டவாளத்தைப் பார்த்தார்கள். மாஸ்கோ ரயில் ஜபரோஷியா வழியாகத்தான் போகும்.

யுகீம் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியுமா?"

"அவ வேணாம்னு சொன்னாத்தானே ரெண்டு அப்பாமாரும் உங்க கையாலேயே ரயிலேத்தி விடுவீங்க," என்றாள் வாசிலீனா. "ரெண்டு டிக்கெட்டையும் நான்தான் எடுத்தேன். பக்கத்துப் பக்கத்து சீட்டு."