ஐந்தாவது ஆள்

"அங்கயே நில்லு கண்ணு. கேட்டத் தொடாத" என்றாள் ரத்தினம்மாள்.

பியாட்ரிஸ் கையை இழுத்துக்கொண்டாள். கேட்டின் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. ஜோகுபாளையத்தில் அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. வீட்டில் அம்மை போட்டிருக்கிறது.

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த பெண்ணுக்கு அது தெரிந்திருக்காதோ என்று, தெருவே ஆளுக்கொரு வாசலில் நின்று விளக்கிவிட்டது. அவ்வளவு அக்கறை.

படுத்திருப்பவள் வித்யாலட்சுமி. ரத்தினம்மாளின் ஒரே மகள், கல்லூரிக் கூடைப்பந்து அணியிலேயே நெட்டை. பியாட்ரிஸ் அந்த அணிக்கு கேப்டன். இன்று சாயங்காலம் நாலு மணிக்கு அரையிறுதி.

அந்த மாதம் பெங்களூரில் யாரைக் கேட்டாலும் உலக அழகிப் போட்டிதான் பேச்சு. பெண்கள் கூடைப்பந்து அரையிறுதி என்று ஒன்று நடக்கப்போவது அவர்களுடைய பிரின்சிபாலுக்கே தெரியுமா என்பது சந்தேகம். ஆனால் இந்தத் தெருவுக்குத் தெரியும். பால் வாங்கப் போகும்போதும் பந்தைத் தட்டிக்கொண்டே போகிறவள் வித்யா, தெரியாமல் இருக்குமா?

இன்னொன்றும் தெரியும். கோலார் தங்கவயலிலிருந்து வித்யாவைப் பெண் பார்க்க இன்றைக்குத்தான் வருவதாக இருந்தார்கள். அவளுடைய அப்பா நாராயணசாமி அலைந்து திரிந்து பிடித்த இடம். அம்மை என்று சேதி போனதும் அவர்கள் வண்டியைத் திருப்பிவிட்டார்கள். மனுஷன் கூடத்தில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். மகள் படுத்திருந்த அறைப் பக்கம் பெற்ற தாயைத் தவிர யாரும் போவதில்லை.

"ஆன்ட்டி, நாங்க நாலு பேர்தான் மிச்சம்" என்றாள் பியாட்ரிஸ்.

ஒருத்திக்குக் கால் பிசகிக் கட்டு. ஒருத்தியை அவள் அண்ணன் அரை டிராயரோடு பார்த்துவிட்டு நிறுத்திவிட்டான். மற்றவர்களுக்கு பிராக்டிகல் பரீட்சை. ஐந்து பேர் வரிசையில் நிற்காவிட்டால் நடுவர் பந்தை மேலே போடவே மாட்டார். மல்லேஸ்வரம் கல்லூரி வியர்க்காமலே இறுதிப் போட்டிக்குப் போய்விடும்.

மூடிய கேட்டின் முன்னால் நின்று அவள் முழு ஆட்டத்தையும் ஆடிக் காட்டினாள். எதிரணியில் ஒரு குடகுப் பெண் இருக்கிறாள், கூடைக்கு அடியில் அவளை மறிக்க வித்யாவால் மட்டும்தான் முடியும். முதல் பாதியில் வித்யா அங்கேயே நின்றால் போதும். அவர்களுக்கு இடது பக்கம் ஓட்டை, அது வழியாக பியாட்ரிஸ் புகுந்துவிடுவாள். எல்லாம் யோசித்து வைத்தாயிற்று. ஆள்தான் இல்லை.

எதிர்வீட்டு கோவிந்தப்பா முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "குடகுப் பொண்ணா? அவ்ளோ ஒசரமா? அய்யோ பாப!" என்று கன்னடத்தில் பரிதாபப்பட்டார்.

அவள் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். விளையாட்டுக் கோட்டாவில் ஆள் எடுக்க ரயில்வேக்காரர் ஒருவர் இன்றைய ஆட்டத்துக்கு வருகிறார். அவளுக்கு இது கடைசி வருஷம். அப்பா படுத்த படுக்கையாகிவிட்ட வீட்டில் அந்த வேலையை நம்பித்தான் எல்லாரும் இருக்கிறார்கள்.

"சும்மா வந்து நின்னா போதும் ஆன்ட்டி. ஓடவே வேணாம். ப்ளீஸ் ஆன்ட்டி."

சொன்ன பிறகுதான் காய்ச்சலில் கிடப்பவளைக் கேட்கிறோம் என்று உறைத்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரத்தினம்மாளின் குரல் தெருக்கோடிவரை போனது. "ஆத்தா எறங்கியிருக்கற பொண்ண பந்தாடக் கூப்பிடறியே, உனக்கே நல்லாயிருக்குதா?"

உள்ளே போனாள். பழைய புடவையில் சுற்றிய ஒரு மூட்டையோடு வந்து, கேட்டுக்கு வெளியே அதை வைத்தாள்.

"அவ படுத்த துணி. போற வழியில ஏரிக்கரை ஓரமா போட்டுட்டுப் போ."

தெருவே வாயில் கை வைத்துக்கொண்டது. உதவி கேட்டு வந்தவளிடம் அம்மைத் துணியைச் சுமக்கக் கொடுப்பதா? ரத்தினம்மாளுக்கு நாக்கு நீளம்தான், ஆனாலும் இது அதிகம். கோவிந்தப்பாவின் முக்காலி சத்தமில்லாமல் பின்னால் போய்விட்டது.

பியாட்ரிஸ் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் அவளிடம் தெம்பு இல்லை. மூட்டையை கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தாள். சற்றுமுன் அவளைச் சுற்றி நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள்.

அல்சூர் ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தினாள். இனி மைதானத்துக்குப் போய் கோச் சாரிடம் சொல்ல வேண்டும், ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடலாம் என்று. அப்புறம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம்.

வீசுவதற்காக மூட்டையைத் தூக்கினாள். கனத்தது. துணி இப்படிக் கனக்காது.

முடிச்சைத் தளர்த்தினாள். உள்ளே ஆண்கள் அளவில் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ. அதற்கடியில் மடிப்புக் கலையாத ஜெர்சி.

நிமிர்வதற்குள், தலையோடு புடவையைப் போர்த்திக்கொண்டு ஒருத்தி பின்சந்திலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்து கேரியரில் ஏறினாள். வித்யாலட்சுமி. முகத்தில் ஒரு அம்மைக் கொப்புளம்கூட இல்லை.

"மிதி பியா, சீக்கிரம். அப்பா எட்டிப் பாத்தா என்ன ஆகறதுன்னு, என் போர்வையப் போத்திக்கினு அம்மா படுத்துனு இருக்கு."