பல் டாக்டரும் ஒரு பெட்டி சாக்பீஸும்

ஈரத்துணியை அழுத்தி இன்னொரு தடவை துடைத்தார் பல் டாக்டர். கறை மங்கியதே தவிர முழுசாகப் போகவில்லை. நடுரோட்டில் முட்டி போட்டபடியே இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். சாட்சி சொல்ல ஒரு காக்கைகூட இல்லை.

"தொலைஞ்சான் கேப்டன்!" என்று பல்லைக் கடித்தார். அடுத்தவர் பல்லைப் பிடுங்கிப் பிழைக்கிறவர் தன் பல்லையே கடிக்கிறார் என்றால், கோபம் எந்த அளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். துடைத்த இடத்திலேயே ஓர் அம்புக்குறியை எதிர்த்திசையில் வரைந்தார்.

விஷயம் இதுதான். மறுநாள் சைக்கிள் கிளப்பின் வருடாந்தரப் பயணம். காலையில் கிளப் வாசலில் கிளம்பி, சந்து பொந்து மண்ரோடெல்லாம் சுற்றி, மாலையில் ஏரிக்கரை போய்ச் சேரவேண்டும். யாருக்கும் பழக்கமில்லாத பாதை. போனைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது அந்தக் கிளப்பில் மகா பாவம். அதனால் கேப்டன் முன்கூட்டியே தனியாகப் போய், பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ரோட்டில் அம்பு போட்டுவிடுவார். அவர் இரும்புக் கடைக்காரர். கையெழுத்துகூடக் கம்பி வளைத்த மாதிரிதான் இருக்கும்.

போன வாரக் கூட்டத்தில் யார் யார் வருகிறார்கள் என்று அவர் சொல்லி முடித்தபோது அதில் டாக்டர் பெயரைக் காணோம்.

"என்ன கேப்டன், என்னை மறந்துட்டீங்க?"

"மறப்பேனா டாக்டர்? நீங்க வந்து சேர்ற வரைக்கும் காத்திருந்தா எங்க எல்லாருக்கும் பல்லு கொட்டிப்போயிடும். பேசாம ஏரிக்கரைல தண்ணி பாட்டில் குடுக்கற வேலையப் பாருங்க."

கிளப்பே சிரித்தது. சிரித்த சிரிப்பில் கூரை ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தது. சிரித்த வாய்களில் பாதி, டாக்டர் கட்டிவிட்ட பற்கள். அதைத்தான் அவரால் தாங்கவே முடியவில்லை.

ஆகவே இந்தப் பழிவாங்கும் படலம். ஊரிலிருந்து கிளம்பினால் இரும்புக் கடையைத் தாண்டவேண்டும். கேப்டன் கண்ணில் பட்டால் வம்பு. சைக்கிளை பஸ் கூரையில் ஏற்றி, முதலில் ஏரிக்கரையில் போய் இறங்கினார். அங்கிருந்து வீட்டைப் பார்த்து மிதிக்க ஆரம்பித்தார்.

அந்தப் பாதையில் ஒரு மரம்கூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் வழி தவறவில்லை. கேப்டனின் அம்புகள் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துப்போவதுபோல் அழைத்துப்போயின. அம்பைத் துடைக்கவேண்டியது, தான் வந்த பக்கத்தையே காட்டும்படி திருப்பி வரையவேண்டியது, பிறகு பழைய அம்பு காட்டிய பக்கம் வண்டியை விடவேண்டியது.

"வந்த வழியே திரும்பிப் போங்கடா! செக்குமாடு மாதிரி சுத்துங்கடா!" என்று ஒவ்வொரு அம்புக்கும் ஒரு மந்திரம் வேறு.

ஒரு திருப்பத்தில் ஆடு மேய்க்கும் அம்மாள் வந்து நின்றாள்.

"அட, நம்ம பல் டாக்டரு! ரோட்ல என்னங்க துழாவறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு பல்லு விழுந்துடுச்சு."

"அய்யய்யோ, யாரோட பல்லு?"

"நாளைக்குத் தெரியும்."

வெயில் மண்டையைப் பிளந்தது. மேடு வந்தால் அவர் சைக்கிளைத் தள்ளினார். பள்ளம் வந்தால் சைக்கிள் அவரைத் தள்ளியது. உட்கார்ந்த இடம் ஊசி போடாமலே மரத்துப்போனது. வீடு வந்து சேர்ந்தபோது காலை மடக்கத் தெரியாமல் வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தார். ஆனால் முகத்தில் மட்டும் அப்படி ஒரு தேஜஸ்.

மறுநாள் மாலை ஏரிக்கரையில் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து சீட்டி அடித்துக்கொண்டிருந்தார். கேப்டன் இந்நேரம் எந்தச் சேற்றில் கழுத்தளவு நிற்கிறாரோ, எந்த நாய் அவர் கால்சட்டையைப் பதம் பார்க்கிறதோ என்று நினைக்க நினைக்க இனித்தது.

அப்போது கிணிங் கிணிங் என்று மணிச் சத்தம்.

கிளப் மொத்தமும் ரயில் பெட்டி மாதிரி வரிசை பிசகாமல் வந்துகொண்டிருந்தது. முன்னால் கேப்டன். சேறும் இல்லை, கால்சட்டையும் பத்திரம். டாக்டருடைய சீட்டி உதட்டிலேயே செத்துப்போனது.

கேப்டன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். எலும்பு நொறுங்குகிற மாதிரி ஒரு கட்டிப்பிடி!

"ஆடு மேய்க்கற அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க டாக்டர். முட்டி தேய, ஒவ்வொரு அம்பா அழிச்சு திருப்பிப் போட்டீங்களாமே?"

"அது வந்து கேப்டன்... ஏதோ ஒரு கோவத்துல..."

"ஷ்ஷ்! மெதுவா. பசங்க காதுல விழுந்தா என் மானம் போயிடும்." கேப்டன் அவர் காதருகே குனிந்தார். "அன்னிக்கு அம்பு போடக் கிளம்பினப்ப நான் கடை லாரியில ஏறி நேரா இங்க வந்துட்டேன். வீட்டுக்குத் திரும்பிப் போறப்பதான் வழி நெடுக அம்பு போட்டுக்கிட்டே போனேன். நேத்து படுக்கப் போனப்பதான் புத்தில உறைச்சுது."

"என்ன உறைச்சுது?"

"எல்லா அம்பும் நம்ம ஊரைப் பாத்துல்ல நின்னுது!"