இரண்டாவது கோடு

முதல் பரிசோதனைக் கிட்டில் இரண்டாவது கோடு விழுந்திருந்தது. விழுந்திருந்தது என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தால் இருந்தது, மேஜைமேல் வைத்தால் இல்லை.

வேறு கம்பெனி கிட்டில் அந்தக் கோடே இல்லை.

பெரிய மெஷினில் போட்டுப் பார்த்ததில், எச்.ஐ.வி. உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே ஓர் எண் வந்து திருதிருவென்று விழித்தது.

டாக்டரம்மா மூன்று தாள்களையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நோயாளிக்கு ரத்தம் எடுத்த ஊசி தவறித் தன் கையில் குத்தியதும் ஒரு மாதம் தடுப்பு மாத்திரை போட்டவர்களுக்குச் சில சமயம் இப்படி வருமாம். கிருமி இருந்தாலும் உடம்பு அதைக் காட்டிக்கொடுக்க நாளாகலாம். இல்லாமலேயே மெஷின் உளறவும் செய்யலாம். மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை மனைவியைவிட்டுத் தள்ளியே இருக்கச் சொன்னார்.

அவன் குனிந்த தலை நிமிரவில்லை.

பதினோரு வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவன். குத்துவதே தெரியாது என்பதால் எல்லோருக்கும் அவன் கொசு. நேற்று அந்தக் கொசுவிடமே ரத்தம் எடுத்தார்கள். கூட வேலை பார்க்கிறவள் இரண்டு கையுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வந்தாள். எப்போதும் வாயாடுகிறவள், பஞ்சை அழுத்தும்வரை வாயே திறக்கவில்லை. அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பக்கத்து நாற்காலியில் மனைவி. மாத்திரை குடலைப் புரட்டிய நாளெல்லாம் அவன் தலையைத் தாங்கிப் பிடித்தவள் அவள்தான். உயிரைப் பணயம் வைத்து வேலை பார்க்கிறார் என்று தன் அண்ணனிடம் போனில் சொன்னாள். அன்று அவனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல," என்றார் டாக்டரம்மா. "அன்னிக்கு நீங்க ரத்தம் எடுத்த அந்தம்மாவோட பழைய ரிப்போர்ட்ல கிருமி கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்கு அடங்கியிருக்கு. அந்த ஊசியால வர்றதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. நடுவுல மாத்திரைய நிறுத்திட்டாங்களோ என்னவோ. கூப்பிட்டு நல்லா கேட்டுட்டேன்."

அது அவனுக்குப் புதுச் செய்தி. டியூபில் ஒட்டிய சீட்டு மட்டும்தான் அவன் கண்ணில் படும். ரிப்போர்ட் அவன் கைக்கு வருவதில்லை.

அந்தம்மா வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வருகிறவள், கொசு இல்லாத நாளில் திரும்பிப் போய்விடுவாள். வேறு யாரும் அவள் கையைக் கூசாமல் தொட்டதில்லை என்பாள்.

அவனைக் கண்டதும் எழுந்து நின்றாள். கையிலிருந்த துணிப்பை நிறையக் காலி மாத்திரை டப்பாக்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் பேனாவால் தேதி எழுதியிருந்தது.

"சத்தியமா ஒரு வேளைகூட விட்டதில்ல தம்பி. இதெல்லாம் காட்டியும் டாக்டரம்மா நம்பல. திரும்பத் திரும்பக் கேக்கவும் எனக்கே எம்மேல சந்தேகம் வந்துடுச்சு. மறந்து தொலைச்சுட்டேனோ என்னவோ. என்னை மன்னிச்சிடுங்க."

நின்ற இடம் பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது அவனுக்கு.  

மனைவிதான் அவள் தோளைத் தொட்டாள். "நீங்க என்னக்கா பண்ணுவீங்க? இவர் வேலை அப்படி."

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊசியோடு காலம் தள்ளுகிறவள், அவளுக்குக் கேட்கத் தோன்றியது இதுதான்.

"எந்த விரல் தம்பி?"

அவனுக்கு நினைவில்லை.

விபத்துப் படிவத்தில் ஏதோ ஒரு விரலை எழுதியிருந்தான். வெளியூர்ப் பயிற்சி முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக வேலைக்கு வந்த காலை அது. முந்தின நாள் அந்த ஊர் லாட்ஜில், பெயர்கூடக் கேட்காத ஒருத்தியோடு இருந்துவிட்டு வந்த பயம் அவனை விடவில்லை. தடுப்பு மாத்திரையை உடனே தொடங்க வேண்டும், மனைவிக்கு ஒரு காரணமும் வேண்டும். அன்று முதல் ஆளாக வந்து கையை நீட்டியவள் தையல்காரி. அவளுக்கும் வலிக்காமல்தான் எடுத்தான். ஊசி அவனைத் தொடவே இல்லை.

"எங்க, காட்டுங்க," என்றாள் அவள்.

அவன் வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினான். ஊசி பிடிக்கிற கை.

"இடது கைன்னுல்ல சொன்னீங்க?" என்றாள் மனைவி.

அவன் கையை மாற்றி நீட்டினான்.

இரண்டு பேரும் இப்போது அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.