பத்து நிமிடக் கோழி

வெந்த கோழியை அவள் நார் நாராகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சள் இல்லை. மிளகாய் இல்லை. காய்ச்சல்காரனுக்கு ஆக்கியதுபோல வெளுத்துக் கிடந்தது.

கூடத்தில் மாப்பிள்ளை ஜெயசீலன் தன் ஜிம்மைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். டல்லாஸிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகிறது. அவளைப் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாளே வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்துவிட்டது. பஜ்ஜி, கேசரி வேண்டாம். சிக்கன் சாலட் போதும். க்ரீம் டிரெஸ்ஸிங்கோடு. பத்து நிமிட வேலைதான்.

பத்து நிமிடமாம். ஒரு டம்ளர் கழுவிப் பார்த்திருப்பானா?

"ஏட்டி, வெந்த கோழியில தயிர ஊத்தித் திங்கவா இவன் பிளேன் ஏறிப் போனான்?"

வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே முணுமுணுத்தாள் அத்தை செல்லக்கனி.

அத்தை பேச்சுக்கு அவள் சிரிக்கவில்லை. கெட்டித் தயிரில் மயோனைஸைக் கொட்டிக் கலக்கினாள். எலுமிச்சை பிழிந்தாள். நசுக்கிய பூண்டு, மிளகுத்தூள். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்புக்குக்கூட இதைவிட லட்சணம் உண்டு.

அப்பாவுக்குத்தான் தரையில் கால் பாவவில்லை.

இவர்கள் பக்கம், பேச்சு முடியும்வரை பெண் வீட்டில் காபி, பலகாரத்தோடு சரி. கறி சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அதற்கப்புறம் பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்கப்போவதில்லை. இதுவரைக்கும் மட்டும் கேட்டார்களா என்ன?

பையனின் அம்மாவுக்கும் வழக்கம் தெரியும். தெரிந்துதான் பட்டுப்புடவையை நீவிவிட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

பையனுக்குத் தெரியாது. அவனுக்குப் பசி.

சமையலறையிலிருந்து வந்து தட்டை அவன் முன்னால் வைத்தாள் அவள்.

"வாவ்," என்றான், தட்டைப் பார்த்து. போட்டோ எடுத்தான். முள்கரண்டியில் ஒரு துண்டைக் குத்தி வாயருகே கொண்டுபோனான்.

"ஒரு நிமிஷம்," என்றாள். "எங்க வீட்டுல கறி சாப்பிட்டா கல்யாணத்துக்குச் சம்மதம்னு அர்த்தம். தெரிஞ்சுதான சாப்பிடுதீங்க?"

முள்கரண்டி அந்தரத்தில் நின்றது.

அப்பா இருமினார்.

அவன் கோழியைப் பார்த்தான். வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

அவனுக்கு முப்பத்துநான்கு வயது. சொந்த வீடு. அவனுக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்களாம்.

மெல்லப் பக்கத்தில் திரும்பினான்.

"அம்மா, சாப்பிடட்டுமா?"

அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் அவள் தட்டை எதிர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையாலேயே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

நிதானமாக மென்றாள். விழுங்கினாள்.

"அத்த," சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "இவங்களுக்குக் காபி போடுங்க."