நுரையின் ஐந்து நிறங்கள்

தலைநகரின் துவாரகா பகுதியில் எங்கள் அலுவலகத்தின் மதிய வெயில் என் திரையில் பாதியை வெளுக்க வைக்கிறது. யமுனையின் நச்சு நுரையில் இடுப்பளவு நின்று ஒருவர் குப்பை அள்ளும் புகைப்படத்தை நான் எழுதிய கணினி நிரலுக்குக் கொடுத்திருக்கிறேன். அது ஐந்து நிறங்களைப் பொறுக்கியெடுத்து, தானே குழைத்து, அலை அலையாக வரைகிறது. ஹோட்டல் வரவேற்பறையில் என் பெயரோடு மாட்டப்போகும் முதல் படம். சமோசாவைக் கடித்தபடி மேலாளர் ஜெயந்த் என் தோளுக்கு மேல் குனிகிறார். சட்னி வாடை என் கழுத்தில் அடிக்கிறது. "வாவ், அந்த வெள்ளை காஷ்மீர் பனி மாதிரியே இருக்கு! இந்த பிரவுன் மட்டும் அழுக்கா இருக்கு, இளவேனி. ஜல்தி எடுத்துடு." "அது அந்த ஆளோட முதுகு, சார்." "அச்சா? ஹோட்டல்காரனுக்கு அது எதுக்கும்மா? படத்துல உன் பேர் வேணுமா, வேண்டாமா?" எண்ணெய் விரலால் திரையில் அந்த நிறத்தைத் தொட்டுக் காட்டுகிறார். அதன்மேல் பிசுக்கு ஒட்டிக்கொண்டு பளபளக்கிறது. மவுஸைப் பிடித்திருக்கும் என் கையும் ஏறக்குறைய அதே நிறம்தான். அழிக்கிறேன். அலைகள் ஒருமுறை நடுங்கிவிட்டு, வெள்ளையும் நீலமுமாகக் குழைந்து திரை முழுக்க விரிகின்றன. "பாத்தியா!" என்று கைதட்டுகிறார். படம் முன்பைவிட அழகாகத்தான் இருக்கிறது. அந்த முதுகு இருந்த இடத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை என் விரலால் துடைக்கிறேன்.