தாழ்வாரத்துக் கொக்கி

கை பாதி தூரம் போய்விட்டது.

இன்னும் ஒரு சாண். அவ்வளவுதான்.

வெள்ளைத் துணி சுற்றிய கலயம் உத்தரத்துக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அவர் இருந்தார். எலும்பும் சாம்பலுமாக.

அவர் குடும்பத்தார் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தாழ்வாரத்தில் ஈ காக்கை இல்லை.

எடு, மூதேவி. இதற்குத்தானே வந்தாய்?

இராமேஸ்வரத்துக்கு வருகிறவர்கள் காசில்லாமல் படுத்து எழுந்துபோன பழைய சத்திரம் அது. இப்போது ஓட்டல். சும்மா ஓட்டல் இல்லை, வாடகையைக் கேட்டால் மூச்சு நின்றுவிடும். சோறு போட்ட கூடத்தில் சோபா. வண்டிமாடு கட்டிய கொட்டிலில் நீச்சல்குளம். சுவர் பூராவும் யார் யாரோ செத்துப்போன யாத்திரிகர்களின் படம்.

எல்லாவற்றையும் மாற்றியவர்கள் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அஸ்தியை அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. வெளித் தாழ்வாரத்தில்தான் மாட்ட வேண்டும்.

நேற்று சாயங்காலம் வரவேற்பில் இருந்த பெண் அவளிடமும் கேட்டாள்.

"அஸ்தி ஏதும் கொண்டு வந்திருக்கீங்களா மேடம்?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். அவளை நம்பி யார் கொடுப்பார்கள்?

கோவில்பட்டியில் அவள் வீட்டுக்கு அவர் வந்துபோனது ஊருக்கே தெரியும். செத்த செய்தி மட்டும் அவளுக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. அவருடைய லாரி டிரைவர் செல்லப்பாண்டி போனில் சொன்னான். அதற்குள் எரித்தே முடித்திருந்தார்கள். முகத்தைப் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. எங்கே தங்கப்போகிறார்கள் என்று சொன்னதும் அவன்தான்.

ஒரு பிடி போதும்.

ஒரு பிடிகூட வேண்டாம். விரல் நுனி அளவுக்கு ஓர் எலும்பு.

இன்னும் கொஞ்ச நேரத்தில் மகன் நெல்லையப்பன் கலயத்தைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவான். அப்புறம் இந்த உலகத்தில் அவர் எங்கேயுமே இருக்கமாட்டார்.

தொட்டுவிட்டாள்.

கடல் காற்றில் துணி ஈரமாகியிருந்தது. முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினாள். அசையவில்லை. பாழாய்ப்போன முடிச்சு.

பின்னால் காலடிச் சத்தம்.

திரும்பினாள்.

அவர் மனைவி. சௌந்தரம். அவருடைய போனில் படமாகப் பார்த்த அதே முகம். நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது.

கையை எடுத்திருக்கலாம். சாமி கும்பிட்டேன் என்று எதையாவது உளறியிருக்கலாம். கை வரமாட்டேன் என்றது.

கத்துவாள். மகனைக் கூப்பிடுவாள். ஓட்டலே பார்க்க முடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளுவாள். தள்ளட்டும். தள்ளுவதற்கு முன்னால் இந்த முடிச்சு மட்டும் அவிழ்ந்து தொலையக்கூடாதா?

சௌந்தரம் கத்தவில்லை. பக்கத்தில் வந்தாள். கொக்கியிலிருந்து கலயத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

போயிற்று.

உள்ளேயிருந்து நெல்லையப்பன் குரல் கொடுத்தான். "எம்மா, ஆட்டோ வந்துட்டு!"

சௌந்தரம் நகரவில்லை. அவளை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. தெரிந்தவளுக்குக் கேட்க என்ன இருக்கிறது?

"ஒன் வீட்டுல அவுக தூங்குவாகளா?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"எங்க வீட்டுல ஒருநாகூட ஒழுங்காக் கண்ண மூடுனதில்ல. விடிய விடிய நடை. நானும் முழிச்சே கெடப்பேன். என்ன கொற வச்சேன்னு யோசிச்சுக்கிட்டே கெடப்பேன். அதான் கேக்கேன்."

தூங்குவார்.

அப்படியொரு தூக்கம். சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் கொட்டாவி வந்துவிடும். வெறுந்தரையில் கையைத் தலைக்குக் கொடுத்து, வாயைப் பிளந்துகொண்டு, பச்சைப்பிள்ளை மாதிரி. குறட்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். சோறு ஆறிப்போகும். எழுப்ப மனசு வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

தாலி இல்லை. பிள்ளை இல்லை. வெளியே சொல்லிக்கொள்ள ஓர் உறவுமுறை இல்லை. அந்தத் தூக்கம் ஒன்றுதான் அவளுடையது.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். இத்தனை வருஷம் பட்ட அவமானத்துக்கெல்லாம் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வாயைத் திறந்தாள்.

சௌந்தரத்தின் கண்ணுக்குக் கீழே தோல் கறுத்துக் கிடந்தது. கலயத்தை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். பதிலுக்குப் பயந்து நிற்கிறாள், பாவி.

"எங்க தூங்குனாக, அக்கா?" என்றாள். "அங்கயும் நடைதான்."

இறுகியிருந்த சௌந்தரத்தின் தோள் மெல்ல இறங்கியது. ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டாள்.

பிறகு உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள். "ஆட்டோவ நிக்கச் சொல்லுய்யா. கொஞ்சம் நேரமாவும்."

தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்தாள். கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.