கம்ப்யூட்டர் காட்டிய ஆள்

கதவு திறந்ததுமே நர்ஸ் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

“அடுத்து யாருக்கு உடம்பு மோசமாகும்னு எங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணிச்சுச் சொல்லும்மா. இந்த வீட்டைக் காட்டுச்சு.”

கதவைத் திறந்தவள் சட்டென்று உள்ளே திரும்பிப் பார்த்தாள். உள்ளறையில் பக்கவாதத்தில் படுத்திருந்தார் கணவர்.

“இப்பதானே தேறி வர்றாரு! நல்லாத்தான் சாப்பிடறாரு...” என்றபடி அவருடைய மருந்துப் பையை எடுக்க ஓடினாள்.

“அதை விடுங்க. உட்கார்ந்து விரலை நீட்டுங்க.” சுருக்கென்று குத்தினாள் நர்ஸ்.

“எனக்கெதுக்கு?”

“அவரை வாராவாரம் கூட்டிட்டு வர்றீங்க. உங்க சுகர் செக்கப்புக்கு இந்த வருஷம் ஒரு தடவைகூட வரலை. கம்ப்யூட்டர் காட்டினது உங்களைத்தான்.” கையிலிருந்த சுகர் கருவியைப் பார்த்தாள். “ஏறித்தான் இருக்கு. நல்லவேளை, மாத்திரையிலேயே அடக்கிடலாம்.”

உள்ளறையிலிருந்து குழறலாய் ஒரு குரல் வந்தது.

“அப்பாடா! நான் சொன்னா எங்க கேக்கறா? அதுவாவது சொல்லுச்சே!”